விஸாம் வானத்தில் இருக்கிறான்

சாசிப் போன மாதம் செத்துப்போனார். எங்கள் வேன் நிலையத்தில் இன்னும் அவரை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். "ராக்கெட் ஹாஜிக்குக் கடைசியில சீட்டு கெடைச்சிருச்சுடா, கெளம்பிட்டாரு" என்று நேற்று ஒரு பயல் சொன்னான். அவன் கையிலிருந்த டீக் கிளாசைத் தட்டிவிட்டேன். எங்கள் ஊர் நாசிரிய்யாவில் அவரை அதிகமாகக் கிண்டல் செய்தவன் நான்தான், அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் அவர் முகத்துக்கு நேராகச் செய்தேன், அவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே செய்தேன். கடைசி ஒரு வருஷம் அந்த மனுஷன் டீக்கடையை மூடிவிட்டு, யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அது ஏன் என்று இந்தப் பயல்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அவரைக் கர்பலாவுக்குக் கூட்டிக்கொண்டு போனது என் வேன்.

சாசிப்புக்கு வாழ்க்கையில் முழுசாகக் கிடைத்தது எதுவும் இல்லை. ஈரான் சண்டைக்குப் போனார், ஒரு காது செவிடாகித் திரும்பினார். வீடு கட்டினார், பொருளாதாரத் தடை வந்த பஞ்ச காலத்தில் உள்ளறைக் கதவுகளைக் கழற்றி விற்று மாவு வாங்கினார். அந்த வீட்டில் இன்றைக்கும் அறைகளுக்குக் கம்பளிதான் தொங்குகிறது. பெண்டாட்டிக்கு நோவு வந்தபோது டாக்டர் இருந்தார், மருந்து இல்லை. மூன்று பிள்ளைகள் பிறந்து ஒன்றே ஒன்று தங்கியது. அதுதான் விஸாம்.

விஸாம் நல்ல பையன். கொஞ்சம் சோம்பேறி, நிறையச் சிரிப்பான். வேறு வேலை கிடைக்காமல் பட்டாளத்தில் சேர்ந்தான். ரொட்டி அடுப்பு வைத்திருக்கும் பாலிஹ் வீட்டுப் பெண் ஷஹதைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு என் வேனில்தான் ஹார்ன் அடித்துக்கொண்டு போனோம். நாலு மாதம்கூட ஆகவில்லை, அவனை வடக்கே அனுப்பினார்கள். அந்தக் கோடையில் வடக்கே ஆயுதக் கும்பல் புகுந்து, பட்டாளம் ஒரேயடியாகச் சரிந்துவிழுந்தது. ஒரு மத்தியானம் அவன் போன் நின்றுபோனது, அவ்வளவுதான்.

உடல் வரவில்லை. லாரியில் ஏற்றியதைப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னான். இல்லை, ஆற்றைத் தாண்டி ஓடினான் என்று இன்னொருவன் சொன்னான். சாசிப் மகனின் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிணவறை பிணவறையாக ஏறி இறங்கினார். எலும்போடு பொருத்திப் பார்க்க ரத்தம் கொடுத்தார். எதுவும் பொருந்தவில்லை. பொருந்தாதது நல்லதா கெட்டதா என்று அவருக்கே தெரியவில்லை.

எங்கள் பக்கம் உடல் இல்லாமல் பாத்திஹா கூடாரம், அதாவது துக்கப் பந்தல், போட மாட்டோம். அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் கத்பான் என்று ஒருவன். ஈரான் சண்டையில் காணாமல் போனான். செத்தான் என்று முடிவு கட்டி, தெருவை அடைத்துக் கூடாரம் போட்டு, மூன்று நாள் சோறு போட்டு, ஓதி முடித்தார்கள். பெண்டாட்டியை அவன் தம்பிக்கே கட்டிவைத்தார்கள். பதினேழு வருஷம் கழித்துக் கைதிகளை விட்டபோது அவன் ஒரு மூட்டையோடு வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்தது அவன் பெண்டாட்டி, இடுப்பில் தம்பி பிள்ளையோடு. கத்பான் உள்ளே வரவில்லை. வாசலிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ்ரா பக்கம் போனவன், பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அதிலிருந்து எங்கள் தெருவில் உடலைக் கண்ணால் பார்க்காமல் கூடாரம் என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

ஆக, விஸாம் செத்தவனும் இல்லை, இருக்கிறவனும் இல்லை. தகப்பன் கூடாரம் போடாதவரை ஷஹத் அவன் பெண்டாட்டி. இருபது வயசுப் பெண், கதவில்லாத அந்த வீட்டில் மாமனாருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இதுதான் விஷயம். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

இனி அந்த ராக்கெட் கதைக்கு வருகிறேன்.

சாசிப்பின் டீக்கடை ஸக்கூராவின் நுழைவாசலுக்கு எதிரே இருந்தது. நாலாயிரம் வருஷத்துச் செங்கல் மேடு, முன்பக்கம் மூன்று படிவரிசை, சுற்றிலும் உப்புப் பூத்த மண். நாங்கள் சின்ன வயசில் அதன்மேல் ஏறிப் பட்டம் விட்டிருக்கிறோம், அதற்குமேல் அதைப் பற்றி யோசித்தது இல்லை. விஸாம் காணாமல் போன இரண்டாம் வருஷம் ஒரு வெள்ளைக்காரக் கூட்டத்தை என் வேனில் ஏற்றி வந்தேன். தலைவன் ஒருத்தன், நரைத்த குடுமி, கழுத்தில் கல் மாலை. வந்ததும் எல்லாரும் செங்கல்லில் நெற்றியை வைத்து வண்டு மாதிரி முனகினார்கள். நான் பயந்துவிட்டேன்.

டீ குடிக்கும்போது மொழிபெயர்ப்பாளன் எங்களுக்கு விளக்கினான். பழைய காலத்துச் சுமேரியரின் கடவுள்கள் கடவுள்களே இல்லையாம். அனுன்னாகி என்று ஒரு கூட்டமாம், நிபிரு என்ற கிரகத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கினார்களாம். இந்த மேடு கோயில் இல்லை, அவர்கள் இறங்குதளமாம். போகும்போது சில மனுஷர்களையும் மேலே கூட்டிக்கொண்டு போனார்களாம்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சாசிப் சிரிக்கவில்லை. நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தவர், மொழிபெயர்ப்பாளனிடம், "தம்பி, அவரை ஒண்ணே ஒண்ணு கேளு. கூட்டிக்கிட்டுப் போனவங்களைத் திருப்பி அனுப்புவாங்களாமா?" என்றார்.

குடுமிக்காரன் சாசிப்பின் தோளில் கை வைத்துச் சிரித்தான். "வாக்குக் கொடுத்திருக்காங்க. நிச்சயமா வருவாங்க" என்று பதில் வந்தது.

அந்த ஆளை இன்றைக்குப் பார்த்தாலும் குடுமியைப் பிடித்துக் கேட்பேன். உனக்கு என்ன போயிற்று? டீ குடித்தாய், சொன்னாய், விமானம் ஏறினாய். இங்கே ஒரு மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து சாசிப்பின் கையில் எப்போதும் போன். அரபியில் பேசும் வீடியோக்கள், பின்னால் பயமுறுத்தும் இசை. கல்லில் செதுக்கிய சாமிகளின் மணிக்கட்டைப் பெரிதாக்கிக் காட்டுவார். "பாரு, வாட்ச் கட்டியிருக்கான். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வாட்ச் எங்கேருந்து வந்துச்சு?"

"அது பூப்போட்ட வளையல்ணே. கல்யாணத்துல என் பெண்டாட்டி போட்டிருந்தா."

"கையில பை வச்சிருக்கான் பாரு. அது என்ன?"

"சந்தைக்குப் போறான்."

"நீயெல்லாம் ஸ்டீரிங்கைப் பிடிக்கத்தான் லாயக்கு."

"சரி, கேக்குறேன், பதில் சொல்லுங்க. ராக்கெட்டுல வந்து எறங்குறவனுக்கு எதுக்குணே இத்தனை படி? அவ்ளோ தூரத்துலேருந்து வந்தவன் கடைசியில மூச்சிரைக்க நடந்து எறங்கணுமா? அங்கேருந்து வந்தவன் செங்கல்லும் தாரும்தான் கொண்டுவந்தானா? கரண்டு கொண்டுவந்திருக்கக் கூடாதா? நேத்திலேருந்து எங்க வீட்டுல ஃபேன் சுத்தல!"

கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சில நாள் சிரிப்பார். வெளிநாட்டவர் வந்துவிட்டால் மட்டும் ஆளே மாறிவிடுவார். தோளை நிமிர்த்திக்கொண்டு, தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையும் இரண்டு கையும் வைத்து, கப்பல் இறங்கும் இடம், நெருப்பு கக்கும் இடம், ஏறும் இடம் என்று காட்டுவார். அதைப் பார்க்கவே சிலர் வர ஆரம்பித்தார்கள். தொல்பொருள் ஆபீஸ் பையன் ஒருவன் வந்து, இதெல்லாம் கட்டியது நம் முன்னோர்கள், இப்படிச் சொல்லி அவமானப்படுத்தாதீர்கள் என்று மன்றாடிப் பார்த்தான். சாசிப் அவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

நான் அவரிடம் சண்டை போட்டது செங்கல்லுக்காக இல்லை. யார் கட்டினால் எனக்கு என்ன? ஒரு நாள் கடையில் யாரும் இல்லாத நேரத்தில் அவராகவே சொன்னார். "அவங்களுக்கு ஒரு வருஷம்னா நமக்கு மூவாயிரத்தி அறுநூறு வருஷம். புரியுதா? நமக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. அங்க விஸாம் இன்னும் ஒரு ராத்திரிகூடத் தூங்கி எழுந்திருக்க மாட்டான்."

நான் டீக் கிளாசைக் கீழே வைத்தேன். "அண்ணே, அவனை யாரு எங்க கூட்டிட்டுப் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அது ராக்கெட் இல்ல, லாரி."

"நீ பாத்தியா?"

"நான் பாக்கல."

"அப்ப வாயை மூடு."

"நான் மூடுறேன். அந்தப் பொண்ணு? அவளுக்கு வயசு ஏறிக்கிட்டே இருக்கே. விஸாம் தூங்கி எழுந்திருக்கிறதுக்குள்ள அவளுக்குத் தலை நரைச்சிரும்ணே!"

அவர் எழுந்து கெட்டிலைக் கழுவப் போய்விட்டார். அதன்பிறகு ஒரு வாரம் நான் அந்தக் கடைப்பக்கமே போகவில்லை. ஆத்திரம் எனக்கு. தன் துக்கத்தைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு மனுஷன் கண்ணை மூடிக்கொள்ளலாம், அது அவன் பாடு. இன்னொரு வீட்டுப் பெண்ணையும் கூட உட்கார வைத்துக்கொண்டு கண்ணை மூடுவதா?

ஷஹத் மத்தியானம் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு வருவாள். கறுப்பு அபாயா, மெலிந்த முகம். அவர் வெளிநாட்டவருக்குக் கதை சொல்லும்போது தள்ளி நின்று கேட்பாள். ஒருநாளும் சிரித்ததில்லை. ஒருதரம் நான் அங்கிருந்தபோது, "அங்க குளிருமா மாமா?" என்று கேட்டாள். "உள்ள எல்லாம் சூடாத்தான் வச்சிருப்பாங்கம்மா" என்றார் அவர். கிழவர் மனசு நோகக்கூடாது என்று கேட்கிறாள், பாவம், என்று நினைத்துக்கொண்டேன். என்னைப்போல வாய் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் எப்படிக் குடும்பம் நடத்துவது?

ஏழாம் வருஷம் பாலிஹ் வந்தான். ஷஹதின் அண்ணன், அடுப்பு வெக்கையில் வெந்த முகம், கெட்டவன் இல்லை. தங்கையை ஒரு நல்ல மனுஷன் கேட்டிருக்கிறான், பெண்டாட்டி செத்தவன், பள்ளிக்கூட வாத்தியார். பாலிஹ் நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் சாசிப் வீட்டில் வந்து உட்கார்ந்தான். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாசிப் காப்பி ஊற்றினார். யாரும் கோப்பையைத் தொடவில்லை. கேட்டதைக் கொடுக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை தொட மாட்டார்கள், அதுதான் எங்கள் முறை.

"ஹாஜி, நாங்க சண்டைக்கு வரல" என்றான் பாலிஹ். "விஸாம் எனக்கும் தம்பிதான். கூடாரம் போடுங்க. செலவு, சோறு எல்லாம் எங்க பொறுப்பு. எந்தங்கச்சியை விட்டுருங்க."

"எம்மகன் உயிரோட இருக்கான்" என்றார் சாசிப்.

"எங்க இருக்கான்?"

சாசிப் கூரையைப் பார்த்தார். ஒரு பெரியவர் வந்த சிரிப்பை இருமி மறைத்தார். பாலிஹுக்கு முகம் சிவந்தது. "ஹாஜி, உங்க வெள்ளைக்காரங்ககிட்ட சொல்ற கதையை எங்கிட்ட சொல்லாதீங்க. நான் நாள் பூரா மாவு பிசையுறவன். எனக்கு வானத்துல ஆள் கெடையாது."

"கத்பான் பதினேழு வருஷம் கழிச்சு வரலியா?"

"வந்து என்ன வாழ்ந்தான்?"

காப்பி ஆறிப்போய்க்கொண்டிருந்தது. கோப்பையைத் தொடாமல் எழுந்து போனார்களென்றால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை அற்றுப்போகும். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அறை வாசலில் தொங்கிய கம்பளிக்குப் பின்னாலிருந்து ஷஹதின் குரல் வந்தது.

"மாமா சத்தியம் பண்ணட்டும்."

பெரியவர்கள் கம்பளிப் பக்கம் திரும்பினார்கள்.

"கர்பலாவுக்குப் போய் அப்பாஸ் மேல சத்தியம் பண்ணட்டும். விஸாம் உயிரோட இருக்கான்னு மட்டும் சொல்லட்டும். எங்க இருக்கான்னு சொல்ல வேணாம். சத்தியம் பண்ணிட்டா நான் சாகுறவரைக்கும் இந்த வீட்டுலதான், எந்த அண்ணனும் வந்து கேக்கக் கூடாது. பண்ணலேன்னா கூடாரம் போட்டுருங்க."

பாலிஹ் உடனே, "சம்மதம்" என்றான். பெரியவர்கள் தலையாட்டினார்கள். எல்லாரும் சாசிப்பைப் பார்த்தார்கள். அவர் கம்பளியைப் பார்த்து, "சரி" என்றார். ஆறிய காப்பியை எல்லாரும் ஒரே மடக்கில் குடித்தார்கள்.

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துப் பாராட்ட வேண்டும் போலிருந்தது. என்ன மூளை! கோர்ட்டில் குர்ஆன் மேல் கை வைத்துக் கூசாமல் பொய் சொல்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் கர்பலாவில் அடங்கியிருக்கும் அப்பாஸ் பெயரைச் சொன்னால் வெளுத்துப்போவார்கள். அவரைச் சூடான தலைக்காரர் என்றுதான் எங்கள் ஜனம் சொல்லும். பொய்ச் சத்தியம் செய்தவனைத் தவணை கொடுக்காமல் அடிப்பார். கை விழுந்தவன், வாய் கோணியவன் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை உண்டு. வாயால் ஊரை ஏமாற்றலாம், அங்கே முடியாது. கிழவருக்கு வழி அடைபட்டது, பெண் தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். சாசிப் இஸ்திரி போட்ட வெள்ளை அங்கி போட்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் பாலிஹும் ஷஹதும். ஷஹதை அவ்வளவு உற்சாகமாக நான் கல்யாணத்தன்றுதான் பார்த்திருக்கிறேன். ஆரஞ்சு உரித்து முன்னால் நீட்டினாள். "சாப்பிடுங்க மாமா, தெம்பு வேணும்." என்னிடம், "சாச்சா, ஒரு நல்ல பாட்டு போடுங்களேன்" என்றாள். பாலிஹுக்கே ஒரு மாதிரி இருந்தது, தங்கையை முழங்கையால் இடித்தான். விடுதலை வருகிற நாளில் எந்தக் கைதிக்குத்தான் சந்தோஷம் இருக்காது? நான் பாட்டுப் போட்டேன்.

சமாவா தாண்டி ஒரு கடையில் நிறுத்தி ரொட்டியும் எருமைப் பாலாடையும் வாங்கினோம். சாசிப் தொடவில்லை. ஆரஞ்சும் கையிலேயே இருந்தது.

"என்னண்ணே, வீடியோவுல வர்றவன் மாதிரி பேசுவீங்களே, இன்னிக்கு ஒண்ணும் காணோம்" என்று கிளறிப் பார்த்தேன்.

"ஓட்டு" என்றார்.

ஷஹத் பின்னாலிருந்து குனிந்து, "மாமா, சத்தமா சொல்லுங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், அண்ணன் காதுல நல்லா விழணும். அப்புறம் கேக்கலேன்னு சொல்லிரக் கூடாது" என்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், உதடு ஏதோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கர்பலா போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. செருப்பைக் கொடுத்துவிட்டு முற்றத்துக்குள் போனோம். கல்லறையைப் பெண்கள் பக்கத்திலிருந்து தொடத் தனி வழி இருக்கிறது. ஷஹத் போகவில்லை. "நான் இந்தத் தூண்கிட்டயே நிக்கிறேன். நீங்க வெளிய வந்து சொல்லுங்க" என்றாள். பிறகு கிழவரின் தலைத்துணியைச் சரிசெய்துவிட்டாள்.

உள்ளே பன்னீர் வாசனையும் வேர்வையும். கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டுபோய் வெள்ளிக் கிராதியில் மோதவிட்டது. சாசிப் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். பாலிஹ் அவர் பக்கத்தில், நான் பின்னால். சுற்றிலும் அழுகிறவர்கள், பச்சைத் துணி கட்டுகிறவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக் கிராதியில் உரசுகிறவர்கள்.

"சொல்லுங்க ஹாஜி" என்றான் பாலிஹ், அடக்கமாகவே.

"யா அப்பாஸ்" என்று ஆரம்பித்தார் சாசிப். "எம்மகன் விஸாம்…"

நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒருவன் முண்டினான், நான் அவனை முதுகால் தடுத்தேன். "எம்மகன் விஸாம்…" மறுபடி நின்றார். சொல்லித் தொலையேன் என்று எனக்கே இருந்தது, சத்தியமாக. சொல்லிவிடு, அல்லது விட்டுவிடு, இப்படி நிற்காதே. மூன்றாம் தரம் பெயர் மட்டும்தான் வந்தது.

ஒவ்வொரு விரலாகக் கிராதியை விட்டார். திரும்பி நின்றார். செவிட்டுக் காதுக்காரர் என்பதால் அவர் குரல் எப்போதும் உரக்கத்தான் இருக்கும். இது அந்தக் குரல் இல்லை.

"விஸாம் சாசிப்… ரூஹுக்கு… அல் பாத்திஹா."

செத்தவனுக்காக ஓதச் சொல்லும் அந்த அழைப்பைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா போக எங்கள் ஜனத்துக்குத் தெரியாது. யார், எவர் என்று கேட்க மாட்டோம். தோளில் பிள்ளை வைத்திருந்த ஒருவன் நின்றான். கம்பு ஊன்றிய ஈரானியக் கிழவர் ஒருவர் நின்றார். பச்சைத் துணி கட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். உள்ளங்கையை ஏந்தி, உதடு அசைத்து, ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டு அவரவர் வழியில் முண்டிக்கொண்டு போனார்கள். ஒரு தெருவே ஏழு வருஷமாகச் செய்யப் பயந்ததை, பெயர் தெரியாத பத்துப் பேர் நின்ற நிலையில் முடித்துவிட்டார்கள். நானும் ஓதினேன். ஓதி முடித்தபோதுதான் விஸாம் செத்துவிட்டான் என்று எனக்கே உறைத்தது. கல்யாணத்தில் அவன் வேன் கூரையில் ஏறி ஆடியதை நினைத்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

பாலிஹும் அழுதான். கிழவரின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டான். "அல்லாஹ் உங்களுக்குக் கூலி கொடுப்பான் ஹாஜி. பெரிய காரியம் பண்ணிட்டீங்க" என்றான். சாசிப் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தோம்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது, மறைப்பானேன். ஒருவழியாக அந்தப் பெண் பிழைத்தாள். கிழவரும் இனி ராக்கெட்டை விட்டுவிட்டு மனுஷன் மாதிரி அழுவார். வெயிலில் கண் கூசி, தூண்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஷஹத் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். நாங்கள் உள்ளே போயிருந்த நேரத்தில் வாசலுக்குப் போய் ஒரு பை நிறைய மிட்டாய் வாங்கி வந்திருந்தாள். நேர்த்திக்கடன் நிறைவேறியவர்கள் கூட்டத்தில் இறைப்பார்களே, அந்த மிட்டாய். எனக்குச் சுருக்கென்றது. புருஷன் செத்ததற்கு மிட்டாயா? இவ்வளவு அவசரமா?

அவள் ஓடி வந்து பாலிஹைத்தான் கேட்டாள். "கேட்டியா? காதுல விழுந்துச்சா? சொன்னாருல்ல?"

பாலிஹ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் முடிஞ்சுதும்மா. இனி உனக்கு ஒரு தடையும் இல்ல. மாமா பாத்திஹா ஓதிட்டாரு" என்றான்.

"யாருக்கு?"

பாலிஹ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"யாருக்கு மாமா பாத்திஹா?"

சாசிப் அவள் பக்கம் கையை நீட்டினார். "மகளே… கிராதியைப் பிடிச்சேம்மா. மூணு தரம் சொல்லப் பாத்தேன். அப்பாஸ் முன்னாடி பொய் சொல்ல முடியலம்மா."

"பொய்யா?"

அவர் தலை குனிந்தார்.

அவள் மிட்டாய்ப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அழவில்லை. குரல்கூட உயரவில்லை. நானும் பாலிஹும் ஏதோ பெரிய மனுஷர்கள் மாதிரி அவளை விடுவிக்க வந்து நின்றுகொண்டிருந்தோம். அவளுக்கு என்ன வேண்டும் என்று எங்களில் ஒருவனும் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை.

"சத்தியம் பண்ணிருவீங்கன்னு நெனைச்சுத்தானே மாமா கூட்டிட்டு வந்தேன்" என்றாள். "பொய்யின்னு தெரிஞ்சிருந்தா, எங்கிட்ட மட்டும் ஏழு வருஷமா எப்படி மாமா சொன்னீங்க?"